சத்தம் போடாத மாற்றங்கள்: லோடாஷ் லைப்ரரியை அப்டேட் செய்வது எப்படி

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு 2015இல் ஒரு பில்லிங் செயலி எழுதிக் கொடுத்தோம். காலையில் ஆர்டர்கள் ஏறும், மதியத்துக்குள் பார்சல் லேபிள் அச்சாகும், சாயங்காலம் பண்டல்கள் லாரி ஆபீஸுக்குப் போய்விடும். 2021இல் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், குடோனிலிருந்து போன் வந்தது. அங்கே பல வருடமாகப் பேக்கிங் பார்க்கிற அண்ணன்தான் பேசினார். “ஏனுங்க தம்பி, ஒரே பார்ட்டிக்கு மூணு லேபிள் வருதுங்க. நெசமாலுமே மூணு பண்டலுங்களா, இல்ல மெசின் ஏதாச்சும் பண்ணுதுங்களா?”

மெஷின் மேல் தப்பில்லை. முந்தின வெள்ளிக்கிழமை நான் அந்தச் செயலி பயன்படுத்தும் லோடாஷ் என்ற லைப்ரரியை, அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, 3.10.1 வெர்ஷனிலிருந்து 4.17.21க்கு ஏற்றியிருந்தேன். செயலியைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். எங்கேயும் ஒரு எர்ரர் வரவில்லை.

நடந்தது இதுதான். ஒரே பார்ட்டி ஒரே நாளில் மூன்று ஆர்டர் போட்டாலும் ஒரே பண்டலாகக் கட்டி ஒரே லேபிள் ஒட்டுவது கடையின் வழக்கம். அதற்காக “_.யூனிக்(ஆர்டர்கள், 'பார்ட்டிஎண்')” என்று ஒரு வரி எழுதியிருந்தோம். லோடாஷ் 3இல் யூனிக் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) அந்த இரண்டாவது பெயரை வாங்கிக்கொண்டு, பார்ட்டி எண் ஒன்றாக இருப்பவற்றில் முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளும். 4இல் அந்த வேலை யூனிக்பை என்ற தனி ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. யூனிக் இப்போது பட்டியலை மட்டும்தான் பார்க்கும். இரண்டாவதாக எதைக் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. மூன்று ஆர்டரும் மெமரியில் மூன்று தனித்தனி ஆப்ஜெக்ட், அதாவது விவரத் தொகுப்பு. அதனால் மூன்றும் வேறு வேறு என்று முடிவு செய்து மூன்றையும் அப்படியே திருப்பிக் கொடுத்தது. எச்சரிக்கைகூட இல்லை. விடை மட்டும் மாறிவிட்டது.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? அந்த டெஸ்டில் நான் கொடுத்திருந்த மூன்று ஆர்டரும் மூன்று வேறு பார்ட்டிகளுடையவை. மூன்று போனது, மூன்று வந்தது, பச்சை விழுந்தது. ஒரே பார்ட்டி இரண்டு தடவை வருகிற நிலைமைக்கு டெஸ்டே இல்லை.

அன்றிலிருந்து எந்த லைப்ரரியை அப்டேட் செய்தாலும் அதன் மாற்றங்களை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். ஒன்று, சத்தம் போட்டு உடைவது. மற்றது, சத்தமில்லாமல் விடை மாறுவது. முதல் வகையைச் சரிசெய்ய ஒரு மதியம் போதும். என் நேரமெல்லாம் இரண்டாவது வகைக்குத்தான் போகிறது. அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணம் லோடாஷ். வேறு லைப்ரரிக்கும் வழி இதேதான்.

லோடாஷ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு அறிமுகம். ஜாவாஸ்கிரிப்டில் பட்டியல், ஆப்ஜெக்ட், எழுத்துச்சரம் ஆகியவற்றைக் கையாளும் சின்னச் சின்னக் கருவிகளின் தொகுப்பு அது. அண்டர்ஸ்கோர் என்ற லைப்ரரியிலிருந்து கிளைபிரிந்து 2012இல் ஜான் டேவிட் டால்டன் உருவாக்கியது. 4.0.0 வெளிவந்தது 2016 ஜனவரியில். இன்றும் பழைய புராஜெக்ட் எதைத் திறந்தாலும் உள்ளே எங்காவது லோடாஷ் இருக்கும். நாம் போட்டிருக்காவிட்டாலும் நாம் போட்ட வேறொன்று அதை இழுத்து வந்திருக்கும்.

முதல் வேலை, உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பது. எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று எழுதிவைக்கும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலைத் திறந்து பார்த்தால் போதாது, அதில் இருப்பது நீங்கள் கேட்டது மட்டும்தான். உண்மையில் வந்து உட்கார்ந்திருப்பது எது என்று அறிய, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கித் தரும் என்பிஎம் கருவியில் “என்பிஎம் எல்எஸ் லோடாஷ்” என்று அடியுங்கள். எந்தெந்த வெர்ஷன், யார் வழியாக வந்தது என்று மரம்போல விரித்துக் காட்டும். எங்கள் செயலியில் மூன்று பிரதிகள் இருந்தன: நாங்கள் நேரடியாகப் போட்ட 3.10.1, பிடிஎஃப் உருவாக்கும் ஒரு பேக்கேஜுக்குள் ஒரு 4, பில்ட் கருவிக்குள் இன்னொரு 4. நாங்கள் ஏற்ற நினைத்தது முதலாவதை மட்டும். அதைத் தெரிந்துகொண்டதே பாதி நிம்மதி.

அப்புறம் “என்பிஎம் அவுட்டேட்டட்”. அதில் இப்போது இருப்பது, உங்கள் எல்லைக்குள் கிடைப்பது, எல்லாவற்றிலும் புதியது என்று மூன்று எண்கள் வரும். சிவப்பில் வருவது உங்கள் எல்லைக்குள்ளேயே புதிது இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளில் வருவது எல்லையைத் தாண்டினால்தான் புதிது என்று அர்த்தம். பலரும் மஞ்சளைப் பார்த்து இது லேசான விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் கவனம் அதிகம் வேண்டியது மஞ்சளுக்குத்தான்.

எல்லை என்று நான் சொல்வது, எண்ணுக்கு முன்னால் போடும் குறியை. ^4.17.15 என்றால் 5.0.0க்குக் கீழே எது வந்தாலும் சரி. ~4.17.15 என்றால் 4.18.0க்குக் கீழே மட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் வெர்ஷனுக்கு ^ குறி வேறு மாதிரி: ^0.2.3 என்றால் 0.3.0ஐத் தொடாது, ஏனென்றால் 1.0 வராத லைப்ரரியில் நடு எண் மாறினாலே எதுவும் உடையலாம் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று எண்களின் பொருள் தெரிந்ததுதான். முதல் எண் மாறினால் பழைய கோடு (நாம் எழுதிய நிரல்) உடையலாம், நடு எண் மாறினால் புதிய வசதி, கடைசி எண் மாறினால் பிழைத்திருத்தம்.

ஆனால் அது எழுதுகிறவர் கொடுக்கும் வாக்கு. கம்ப்யூட்டர் சரிபார்த்துத் தரும் சான்றிதழ் இல்லை. 2020 ஏப்ரலில் இஸ்-பிராமிஸ் என்ற சின்னஞ்சிறு பேக்கேஜின் 2.2.0 வந்தது. மாறியது நடு எண்தான். எந்தப் பெயரில் எப்படி இம்போர்ட் செய்யலாம் என்று சொல்லும் பகுதியைச் சேர்த்ததில் ஒரு தவறு. அதை நம்பியிருந்த பெரிய பெரிய கருவிகளெல்லாம் அன்று நின்றுபோயின. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அதனால்தான், இறங்கிய சரியான எண்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள் (கிட் என்ற மாற்றப் பதிவேட்டில் சேருங்கள்) என்று சொல்கிறேன். சர்வரிலும் பில்ட் மெஷினிலும் “என்பிஎம் இன்ஸ்டால்” போடாதீர்கள், “என்பிஎம் சிஐ” போடுங்கள். அது பேக்கேஜ்கள் வந்து இறங்கும் பழைய நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு லாக் ஃபைலில் இருக்கிற எண்ணை அப்படியே இறக்கும். லாக் ஃபைலும் பேக்கேஜ்.ஜேசனும் ஒத்துவராவிட்டால் நின்றுவிடும். அப்டேட் என்பது நீங்கள் நினைத்த நாளில் நடக்க வேண்டும், பில்ட் ஓடிய நாளில் தானாக நடக்கக் கூடாது.

சரி, இனி முக்கியமான வேலைக்கு வருவோம்: சேஞ்ச்லாக், அதாவது ஒவ்வொரு வெர்ஷனிலும் என்ன மாறியது என்ற பட்டியல், படிப்பது.

செய்தித்தாள் மாதிரி மேலிருந்து கீழே படித்தால் எதுவும் மனதில் நிற்காது. லோடாஷ் 4.0.0இன் பட்டியல் அவ்வளவு நீளம். நான் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் என் கோடில் எந்தெந்த ஃபங்ஷன் பயன்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கிறேன். “_.” என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு இடத்தில் தப்பும். ஒன்று, சங்கிலியாக எழுதியவை. “_(ஆர்டர்கள்).ஃபில்டர்(...).யூனிக்('பார்ட்டிஎண்').வேல்யூ()” என்று எழுதியிருந்தால் யூனிக்குக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் இருக்காது. அதனால் “.யூனிக்(” என்று புள்ளியோடும் தேடுங்கள். இன்னொன்று, தனித்தனியாக இம்போர்ட் செய்தவை. 3இல் “லோடாஷ்/அரே/யூனிக்” என்று நடுவில் ஒரு பிரிவு வரும். 4இல் “லோடாஷ்/யூனிக்” மட்டும்தான். நல்லவேளை, இது மாட்யூல் கிடைக்கவில்லை என்று உடனே கத்திவிடும்.

எங்கள் செயலியில் மொத்தம் 31 ஃபங்ஷன்கள் தேறின. முந்நூறு ஃபங்ஷன் உள்ள லைப்ரரியில் நாம் தொடுவது அவ்வளவுதான். அந்த 31க்கும் எதிரே சேஞ்ச்லாக் என்ன சொல்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். பேனாவால்தான். ஸ்பிரெட்ஷீட்டும் சரிதான், ஆனால் கையால் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு நொடி நிற்கிறோம், அந்த ஒரு நொடியில்தான் சந்தேகம் வருகிறது.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டேன். பெயர் போய்விட்டதா, பெயர் இருந்து நடத்தை மாறியதா?

பெயர் போனவை நல்லவை. ப்ளக் இல்லை, இனி மேப். கன்டெய்ன்ஸ் இல்லை, இன்க்லூட்ஸ். இண்டெக்ஸ்பை இல்லை, கீபை. பேர்ஸ் இல்லை, டூபேர்ஸ். சார்ட்பைஆர்டர் இல்லை, ஆர்டர்பை. வேர், ஃபைண்ட்வேர் இரண்டும் ஃபில்டர், ஃபைண்ட் இரண்டுக்குள் அடங்கிவிட்டன. இவற்றைப் பழைய பெயரில் கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று உடனே எர்ரர் வரும். அந்த வரி ஒருமுறை ஓடினால் போதும், தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை மார்ச் முடிவில் மட்டும் ஓடும் கோடு என்றால் மட்டும் பயப்படுங்கள், அதைக் கையால் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள்.

ரெஸ்ட் என்பது வேடிக்கையான வகை. 3இல் பட்டியலின் முதல் உறுப்பை விட்டு மீதியைத் தருவது. 4இல் அதே பெயரில் வேறொரு ஃபங்ஷன் வந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய வேலைக்கு இனி டெயில். புதிய ரெஸ்ட் ஒரு ஃபங்ஷனை எதிர்பார்க்கிறது, பட்டியலைக் கொடுத்தால் எர்ரர் எறியும். அதனால் பெயர் ஒன்றாக இருந்தும் தப்பித்தோம்.

பெயர் இருந்து நடத்தை மாறியவைதான் ஆபத்து. இவற்றைச் சற்று நின்று பாருங்கள்.

மேக்ஸ். “_.மேக்ஸ்(பில்கள், 'தொகை')” என்று 3இல் எழுதினால் தொகை அதிகமுள்ள பில் கிடைக்கும். 4இல் இரண்டாவது உள்ளீடு கண்டுகொள்ளப்படாது, ஆப்ஜெக்ட்டை ஆப்ஜெக்ட்டோடு ஒப்பிடும், எதுவும் எதைவிடவும் பெரிதில்லை என்று ஆகும், கடைசியில் பட்டியலின் முதல் பில்லைத் திருப்பிக் கொடுக்கும். பார்க்கிறவருக்கு அதுவும் ஒரு பில்தான். சந்தேகமே வராது. உங்கள் பில்கள் ஏற்கெனவே தொகை வாரியாக இறங்குவரிசையில் இருந்தால் விடை சரியாகவேகூட இருக்கும், யாராவது வரிசையை மாற்றுகிற நாள் வரைக்கும். மாற்று, மேக்ஸ்பை.

சம்மும் அப்படித்தான், சம்பை வேண்டும். ஆனால் சம் தப்பானால் “[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]” என்ற எழுத்துகள் ஒட்டி ஒட்டி வரும். தொகை வர வேண்டிய இடத்தில் அதைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். எழுத்தாக வந்து காட்டிக்கொடுக்கிறது.

மெர்ஜ், அசைன், குளோன்டீப் மூன்றிலும் கடைசியாக ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து, எப்படிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் வசதி 3இல் இருந்தது. 4இல் அதற்கு மெர்ஜ்வித், அசைன்வித், குளோன்டீப்வித். பழைய மாதிரியே விட்டால் மெர்ஜ் அந்த ஃபங்ஷனை இன்னொரு ஆப்ஜெக்ட் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சேர்க்க ஒன்றுமில்லை என்று பேசாமல் போய்விடும். எங்களிடம் ஒரு செட்டிங் ஃபைலில் பட்டியல்களை ஒட்டிச் சேர்க்கும்படி ஒரு விதி இருந்தது. அது சத்தமில்லாமல் மறைந்துபோனது. புதிய கடைக்கிளையின் விலைப்பட்டியல் பழையதன் மேல் இடத்துக்கு இடம் மேலெழுதப்பட்டது. லேபிள் பிரச்சனையைத் தேடப்போனபோதுதான் இதுவும் கண்ணில் பட்டது.

இன்னொன்று, ஈச், மேப் போன்றவற்றுக்குக் கடைசியாக, உள்ளே ஓடும் ஃபங்ஷனில் “திஸ்” என்ற சொல் எந்த ஆப்ஜெக்ட்டைக் குறிக்கும் என்று கொடுக்கும் உள்ளீடு. 4இல் அது பெரும்பாலான ஃபங்ஷன்களிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. வெளியில் இருக்கும் “திஸ்”ஐயே எடுத்துக்கொள்ளும் ஏரோ ஃபங்ஷனாக மாற்றுங்கள், அல்லது பைண்ட் செய்து “திஸ்”ஐ முன்பே கட்டிவையுங்கள்.

இந்த நான்கு வகையையும் தேடும்போது ஃபங்ஷன் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை உள்ளீடு போகிறது என்று எண்ணுங்கள். யூனிக்குக்கு ஒன்று போனால் சரி, இரண்டு போனால் திருத்த வேண்டும்.

படித்தது போதுமா? போதாது. மனிதக் கண் தவறவிடும். அதனால் நான் இப்போது செய்வது, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது. என்பிஎம் 6.9லிருந்து ஒரே பேக்கேஜின் இரண்டு வெர்ஷனை வேறு வேறு பெயரில் வைத்துக்கொள்ளலாம். “என்பிஎம் இன்ஸ்டால் லோடாஷ்4@என்பிஎம்:லோடாஷ்@4” என்று போட்டால், பழைய லோடாஷ் அப்படியே இருக்கும், புதியது லோடாஷ்4 என்ற பெயரில் வந்து சேரும். அப்புறம் ஒரு சின்ன உறை எழுதுங்கள். உங்கள் கோடு யூனிக்கைக் கூப்பிட்டால், உறை அதே உள்ளீட்டை இரண்டுக்கும் கொடுக்கும், வருகிற இரண்டு விடைகளை ஈஸ்ஈக்வல் என்ற லோடாஷ் ஃபங்ஷனை வைத்து ஒப்பிடும், வேறுபட்டால் ஃபங்ஷன் பெயரையும் கூப்பிட்ட இடத்தையும் பதிவு செய்யும், கடைசியில் பழைய விடையையே திருப்பிக் கொடுக்கும். பயனருக்கு எதுவும் மாறாது. பதிவில் மட்டும் வேறுபாடு சேர்ந்துகொண்டே வரும். இதே யோசனையில் லோடாஷ்-மைக்ரேட் என்று லோடாஷ்காரர்களே ஒரு பேக்கேஜ் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் நானே எழுதியது நாற்பது வரிதான், எனக்கு அது கைக்கு அடக்கமாக இருந்தது.

உறை எழுதும்போது இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. ரிமூவ், புல், மெர்ஜ், அசைன் போன்றவை கொடுத்த பொருளையே மாற்றுபவை. பழையது ஓடி முடிந்ததும் பட்டியலில் பாதி போயிருக்கும், மீதியைப் புதியதுக்குக் கொடுத்து ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. ஆகவே முதலில் ஆழமாக ஒரு பிரதி எடுத்து, அதைப் புதியதுக்குக் கொடுங்கள். இரண்டாவது, ஈச் ஃபங்ஷனை உறைக்குள் போடவே போடாதீர்கள். உள்ளே லேபிள் அச்சடிக்கும் வேலை இருந்தால் எல்லா லேபிளும் இரண்டு தடவை அச்சாகும். மேப்புக்குள் டேட்டாபேஸில் எழுதும் பழக்கமுள்ள கோடு என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

இந்த உறையை டெஸ்ட் மெஷினில் முந்தைய மாதத்தின் உண்மையான ஆர்டர்களைக் கொண்டு ஓட்டினால் சில மணி நேரத்திலேயே பட்டியல் கிடைத்துவிடும். பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஓட்டுங்கள். உண்மையான டேட்டா வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், நாம் டெஸ்டுக்கென்று எழுதும் டேட்டா எப்போதும் ஒழுங்காக இருக்கும். ஒரே பார்ட்டி மூன்று தடவை வருவது, ஊர் பெயர் காலியாக இருப்பது, எண்ணுக்குப் பின்னால் இடைவெளி இருப்பது, இதெல்லாம் நிஜத்தில்தான் இருக்கும்.

வேறுபாடு கண்டுபிடித்த ஒவ்வொரு இடத்துக்கும், கோடைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். பழைய வெர்ஷனில் அது பச்சையாக வேண்டும், புதிய வெர்ஷனில் சிவப்பாக வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் திருத்தம். சிவப்பாகிப் பார்க்காத டெஸ்டை நம்ப முடியாது என்பதை எனக்கு அந்த மூன்று லேபிள் சொல்லிக் கொடுத்தது.

இனி பாதுகாப்புத் திருத்தங்கள். இவற்றுக்கு நடைமுறை கொஞ்சம் வேறு.

தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியலிடும் “என்பிஎம் ஆடிட்” போட்டால் பயமுறுத்தும் அளவுக்கு நீளமாக வரும். “ஆடிட் ஃபிக்ஸ்” கட்டளையோடு ஃபோர்ஸ் சேர்த்து அடித்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஃபோர்ஸ் போட்டால் முதல் எண்ணையே மாற்றிவிடும், மேலே சொன்ன அத்தனையும் ஒரே நொடியில் படிக்காமல் நடந்துவிடும். ஒவ்வோர் எச்சரிக்கையிலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஃபங்ஷன்? அதை நான் கூப்பிடுகிறேனா, அல்லது நான் போட்ட வேறு பேக்கேஜ் கூப்பிடுகிறதா? வெளியிலிருந்து வரும் டேட்டா அந்த ஃபங்ஷனுக்குள் போகிறதா?

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சிவிஇ-2019-10744 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). டிஃபால்ட்ஸ்டீப் என்ற ஃபங்ஷனில் இருந்த ஓட்டை, 4.17.12இல் அடைக்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சாதாரண ஆப்ஜெக்ட், கேட்ட பெயர் தன்னிடம் இல்லாவிட்டால், எல்லோருக்கும் பொதுவான ஒரு தாய் ஆப்ஜெக்ட்டில் போய்த் தேடும். அதைத்தான் புரோட்டோடைப் என்கிறோம். யாராவது வெளியிலிருந்து ஜேசன் என்ற வடிவத்தில் அனுப்பும் டேட்டாவில் “கன்ஸ்ட்ரக்டர்” என்று ஒரு பெயர், அதற்குள் “புரோட்டோடைப்”, அதற்குள் “அட்மின்: ட்ரூ” என்று எழுதி அனுப்பினால், பழைய டிஃபால்ட்ஸ்டீப் அந்தப் பெயர்கள் வழியே ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அந்தப் பொதுத் தாயிலேயே எழுதிவிடும். அதன் பிறகு அந்த சர்வரில் “இவர் அட்மினா?” என்று எந்தப் பயனரைக் கேட்டாலும், தனக்கென்று அந்தப் பெயர் இல்லாதவர் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஒருவர் அனுப்பிய ஒரு கோரிக்கையால், அந்த புரோசஸ் மறுபடி தொடங்கும்வரை எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். டிஃபால்ட்ஸ்டீப்பை பில்ட் கருவி தன் சொந்த செட்டிங்குக்கு மட்டும் பயன்படுத்துகிறது என்றால் இன்று ராத்திரியே ஓட வேண்டியதில்லை, வழக்கமான முறையில் ஏற்றலாம். பயனர் அனுப்பும் ஃபாரத்தை அதற்குள் கொடுக்கிறீர்கள் என்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

2021 பிப்ரவரியில் வந்த 4.17.21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெம்ப்ளேட் ஃபங்ஷனில் கட்டளை நுழைக்கும் ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது. கூடவே ட்ரிம், ட்ரிம்எண்ட், டூநம்பர் மூன்றிலும் ஒரு மெதுவாக்கும் பிழை. நடுவே மிக நீளமான இடைவெளி உள்ள எழுத்துச்சரத்தைக் கொடுத்தால், அவற்றுக்குள் இருந்த பழைய ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைத் தேடும் வடிவம்) ஒவ்வோர் இடைவெளியிலிருந்தும் மறுபடி மறுபடி தேடத் தொடங்கும். இடைவெளி இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. முகவரிப் பெட்டியில் யாராவது வேண்டுமென்றே லட்சக்கணக்கில் ஸ்பேஸ் அனுப்பினால் சர்வர் அதிலேயே மாட்டிக்கொள்ளும். முகவரிப் பெட்டிக்கு ட்ரிம் போடாத செயலி எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு பொறி. லோடாஷை முழுதாகப் போடாமல் “லோடாஷ்.டெம்ப்ளேட்”, “லோடாஷ்.மெர்ஜ்” என்று தனித்தனிப் பேக்கேஜாகப் போட்டிருப்பவர்கள் உண்டு. அவற்றின் எண் வரிசையே வேறு. லோடாஷ்.டெம்ப்ளேட் 4.5.0 என்று பார்த்துவிட்டு 4தான், புதியதுதான் என்று இருந்துவிடாதீர்கள். முதன்மைப் பேக்கேஜில் அடைத்த ஓட்டை அதில் அடைபடவில்லை. முழு லோடாஷைப் போட்டு “லோடாஷ்/டெம்ப்ளேட்” என்று இம்போர்ட் செய்வதற்கு மாறிவிடுங்கள்.

ஓட்டை உள்ள பிரதி வேறொரு பேக்கேஜுக்குள் இருந்து, அவர்கள் இன்னும் அப்டேட் விடவில்லை என்றால், என்பிஎம் 8.3லிருந்து பேக்கேஜ்.ஜேசனில் ஓவர்ரைட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. லோடாஷ் யாருக்குள் இருந்தாலும் இந்த வெர்ஷன்தான் என்று அதில் கட்டாயப்படுத்தலாம். 4க்குள் கடைசி எண் மட்டும் மாறும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். 3ஐ எதிர்பார்க்கும் பேக்கேஜின் தலையில் 4ஐக் கட்டினால், அந்த மூன்று லேபிள் கதை நீங்கள் எழுதாத கோடுக்குள் நடக்கும், தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பாதுகாப்புத் திருத்தம் தவிர மற்ற பிழைத்திருத்தங்கள் வந்தால், நான் ஒரு வாரம் பொறுத்துத்தான் ஏற்றுவேன். திருத்தத்திலேயே பிழை இருக்கலாம். லோடாஷில் 2019 ஜூலை ஒரே மாதத்தில் 4.17.12லிருந்து 4.17.15 வரை வந்தது. பாதுகாப்புத் திருத்தத்திலும் இப்படி நடக்கும்: ஜாவா உலகத்தில் 2021 டிசம்பரில், பதிவு எழுதும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டையை அடைக்க 2.15.0 வந்தது, அது போதவில்லை என்று 2.16.0, பிறகு 2.17.0, மாத முடிவுக்குள் 2.17.1. அவசரத்தில் எழுதும் திருத்தம் அப்படித்தான் இருக்கும். ராத்திரி பகலாக அதை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நாம் ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாமல், மறுநாளும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏற்றுகிற நாளுக்கு என்னிடம் சில பழக்கங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை ஏற்றுவதில்லை. ஒரு கமிட்டில் ஒரு லைப்ரரி மட்டும். லாக் ஃபைல் மாற்றம் தனி கமிட், கோடு மாற்றம் தனி கமிட். பின்னால் எங்கே உடைந்தது என்று, கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் வைத்துத் தேடும்போது இதன் அருமை தெரியும். 64 கமிட் இருந்தாலும் ஆறே தடவையில் குற்றவாளிக் கமிட்டைக் காட்டிவிடும், ஆனால் அந்தக் கமிட்டுக்குள் பதினைந்து லைப்ரரி ஒன்றாக மாறியிருந்தால் தேடியது வீண். கமிட் செய்தியில் “அப்டேட்” என்று மட்டும் எழுதாமல் “லோடாஷ் 3.10.1 → 4.17.21, யூனிக், மேக்ஸ், மெர்ஜ் அழைப்புகள் மாற்றப்பட்டன” என்று எழுதுங்கள். அடுத்த வருடம் அதைப் படிக்கப்போவது நீங்களே.

சிலர் கேட்பார்கள், இவ்வளவு பாடுபடுவதற்கு லோடாஷையே தூக்கிவிட்டு ஜாவாஸ்கிரிப்டில் இருப்பதையே பயன்படுத்தினால் என்ன என்று. நல்ல கேள்வி. இன்க்லூட்ஸ், ஆப்ஜெக்ட் என்ட்ரீஸ், ஃபிளாட் எல்லாம் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. நானும் பல இடங்களில் மாற்றினேன். ஆனால் அதுவும் ஒரு அப்டேட்தான், அதிலும் சத்தமில்லாத மாற்றம் உண்டு. “_.கெட்(பார்ட்டி, 'முகவரி.ஊர்', 'ஈரோடு')” என்பதை எடுத்துவிட்டு கேள்விக்குறிப் புள்ளியும் இரட்டைக் கேள்விக்குறியும் போட்டு எழுதினால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் லோடாஷின் கெட், மதிப்பு அன்டிஃபைன்ட் (கொடுக்கப்படவே இல்லை) ஆக இருந்தால் மட்டும்தான் 'ஈரோடு' என்று தரும். “நல்” (காலி என்று குறித்துவைத்த மதிப்பு) இருந்தால் அந்த “நல்”லையே தரும். இரட்டைக் கேள்விக்குறி இரண்டுக்குமே 'ஈரோடு' போட்டுவிடும். எங்கள் டேட்டாபேஸில் ஊர் தெரியாத பார்ட்டிக்கு நல் இருந்தது, லேபிளில் ஊர் காலியாக வரும், பேக்கிங் அண்ணன் கேட்டு எழுதிக்கொள்வார். மாற்றியிருந்தால் வெளியூர்ப் பண்டல் எல்லாம் ஈரோடு என்று அச்சாகியிருக்கும். இரண்டு எழுத்து முறையையும் அதே மாதிரி உறைக்குள் வைத்து ஓட்டியதில் இதுவும் பிடிபட்டது.

பிழை நம்முடையது இல்லை, லைப்ரரியிலேயே இருக்கிறது என்று உறுதியானால், சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். லைப்ரரி வெர்ஷன், நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) வெர்ஷன், கொடுத்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன. உங்கள் செயலியின் கோடு ஒரு வரிகூட இருக்கக் கூடாது, லைப்ரரியை மட்டும் இம்போர்ட் செய்து ஐந்தாறு வரியில் பிழை தெரிய வேண்டும். அப்படிச் சுருக்கப் போகும்போது பத்தில் பல தடவை பிழை நம் பக்கம் என்று தெரிந்துவிடும். அதுவும் லாபம்தான். சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொள்கிற ஒருவரின் ஒரு சாயங்காலத்தை மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள்.

கடைசியாகச் சுத்தம் செய்வது. புதிய வெர்ஷன் ஏறி, ஒரு மாத முடிவுக் கணக்கும் ஓடி, பதிவில் வேறுபாடு எதுவும் இல்லை என்றானதும் உறையை எடுத்துவிடுங்கள், லோடாஷ்4 என்ற தற்காலிகப் பெயரையும் நீக்குங்கள். நீக்கிவிட்டு மறுபடி “என்பிஎம் எல்எஸ் லோடாஷ்” அடித்துப் பாருங்கள், 3 என்று தொடங்கும் வரி எதுவும் இருக்கக் கூடாது. வழியில் எழுதிய டெஸ்டுகளை மட்டும் எடுக்காதீர்கள். எங்கள் செயலியில் முதலாவதாக ஓடும் டெஸ்ட் இன்றைக்கும் அதுதான்: ஒரே பார்ட்டி, மூன்று ஆர்டர், ஒரு லேபிள்.